பலாக்காய் தின்ற சிறுத்தை

புதருக்குப் பின்னாலிருந்து மொறுக் மொறுக்கென்று சத்தம் வந்தது. எலும்பு கடிபடுகிற சத்தம் என்று நினைத்தது மூளிக்காது ஆடு. எட்டிப் பார்த்தால், சிறுத்தை உட்கார்ந்து பிஞ்சுப் பலாக்காயைத் தின்றுகொண்டிருந்தது. மீசையெல்லாம் பிசின்.

"பயப்படாதே தங்கச்சி. கறியை விட்டுட்டேன்," என்றது சிறுத்தை. "உங்க கூட்டத்தாலதான் பூமியே சூடாயிடுச்சாம். துளிர் ஒண்ணு விடாம மேய்ஞ்சிடுறீங்க, ஏப்பம் வேற விடுறீங்க. உங்களைத் தின்னா அந்தப் பாவத்துல எனக்கும் பங்குன்னு நரி சொல்லிச்சு. அதான் பலாக்காய்."

ஏப்பம் விட்டதற்கு வெட்கமாகவும் உயிர் தப்பியதற்குச் சந்தோஷமாகவும் இருந்தது ஆட்டுக்கு. "உங்க மனசு யாருக்குண்ணே வரும்," என்று பக்கத்தில் வந்து நின்றது. அதன் கொழுந்தன் கிடாவும் தைரியமாகக் கூட வந்தது.

சிறுத்தை இன்னொரு கடி கடித்து முகம் சுளித்தது. "ஆட்டுக்கறி மாதிரியே இருக்கும்னாங்க. இருக்கா இல்லையான்னு பிடிபடல. அசல் ருசி மறந்துபோச்சு பாரு."

"எங்களைக் கேட்டா?" என்று சிரித்தது கிடா. "எங்க கறியை நாங்க எங்கண்ணே தின்னோம்?"

"அதுவும் சரிதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆளு போதும். சமைக்கிறவங்க உப்புப் பார்க்கிறதில்லையா? அதையெல்லாம் சாப்பாட்டுல சேர்க்கக் கூடாது," என்று சிறுத்தை கிடாவின் கழுத்தைக் கவ்வியது.

முழுக்கத் தின்று முடித்து நாக்கைச் சுழற்றியது. "பலாக்காய்க்கு இன்னும் பக்குவம் வரல. நாளைக்கும் ஒருதரம் பார்த்துடுவோம். பூமி முக்கியமில்லையா தங்கச்சி?"

"ரொம்ப முக்கியம்ணே," என்றது ஆடு. நாளைக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நாலடி தள்ளிப் போய்க் குனிந்து மேயத் தொடங்கியது.