செவ்வாய், வியாழன், சனி

"கையை உள்ள விட்டுப் பாரு. இது ஏர்கோனா, சோறு வடிக்கிற அடுப்பா?"

மலேசியாவின் கெடா மாநிலத்தில், செமிலிங் சாலையோரப் பட்டறையில் வேனை நிறுத்திய கையோடு கார்த்திகேசு கத்த ஆரம்பித்துவிட்டார். பீடோங்கில் பூக்கடை வைத்திருக்கிறவர். வேனில் வரும் மல்லிகை வாடினால் பிழைப்பும் சேர்ந்து வாடும்.

மெக்கானிக் சிவநேசன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"நேத்துத்தானே அண்ணே கேஸ் போட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சே."

"இருந்துச்சு லா. நேத்து முழுக்க ஜில்லுதான். இன்னிக்கு வியாழன், திரும்ப அடுப்பு. போன வாரமும் இதே கதை. நீ கேஸ் போடுறியா, சைக்கிளுக்கு அடிக்கிற காத்தை அடிச்சு விடுறியா?"

"உங்ககிட்ட அப்படிச் செஞ்சிட்டு நான் இந்த ரோட்டுல கடை வைக்க முடியுமாண்ணே?"

"பேச்சு நல்லா வருது, காத்துதான் வர மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை கூலிம்ல கல்யாணம். மணவறை முழுக்க மல்லிகை. சனிக்கிழமை பூ வருது. போன முகூர்த்தத்துல என் மாலையைத் தொட்டுப் பாத்துட்டு, பொண்ணோட அப்பா 'நேத்துப் பூவா'ன்னு கேட்டாரு. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தன் என்னை அப்படிக் கேட்டதில்ல. இதுவும் வாடுச்சுன்னா ஷட்டரை இழுத்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

சிவநேசன் மீட்டரை மாட்டிப் பார்த்தான். கேஸ் சரியாக இருந்தது. கம்ப்ரஸர் ஓடியது. ஃபேன் சுற்றியது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே."

"அப்ப நான் பொய்யா வேர்க்கிறேனா?"

அவன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஏர்கோன் பட்டன்களைக் குனிந்து பார்த்தான். பிறகு ஓரத்தில் இருந்த ஒரு திருகைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினான்.

இரண்டு நிமிடம். குளிர்ந்த காற்று கார்த்திகேசுவின் சட்டையைத் தூக்கியது.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. இது ஜப்பான்ல ஓடின வேன். அங்க குளிருக்கு ஹீட்டர் வச்சிருப்பான். யாரோ அதைத் திருப்பி விட்டிருக்காங்க. நம்ம ஊர்ல யாரும் தொடாத திருகு, நானும் இதைப் பாக்கல. கேஸ் போட்டது வீண்தான், தப்பு என்னோடது."

"கெடா வெயில்ல ஹீட்டரா? எந்தக் கிறுக்கன் போடுவான்?"

"என்னைக்கெல்லாம் சூடா வருது?"

கார்த்திகேசு விரல் விட்டு யோசித்தார். "செவ்வாய், வியாழன், சனி. மறுநாள் தானா சரியாயிடும்."

"காலையில வேனை எடுக்கிறது யாரு?"

டிரைவர் லோகேஸ்வரன். பட்டர்வொர்த் போய்ப் பூ ஏற்றி வருவது அவன் ஒருவன்தான். கார்த்திகேசு அங்கேயே போனைப் போட்டார்.

"லோகேஸு, வேன்ல ஹீட்டரைப் போட்டது நீயா?"



"ஆமாண்ணே."

"பூவோட சேத்து உன்னையும் அவிச்சிருக்கணும். சாவியைக் கடையில குடுத்துட்டுப் போ. நாளையிலிருந்து வராதே."

"சரிண்ணே."

எதற்கும் பேரம் பேசியே வளர்ந்தவர் கார்த்திகேசு. இத்தனை லேசாக ஒருவன் 'சரி' சொன்னது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னடா சரி? ஏன் போட்டேன்னு சொல்லித் தொலை."

"சிகப்பிக்காவுக்குக் குளிர்ல நடுங்குதுண்ணே. சுங்கை பட்டாணியில வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். முடிச்சுட்டு வெளிய வர்றப்போ பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கும். பஸ்ஸுக்கு நிக்கக்கூட முடியல. பூ ஏத்திட்டு வர்ற வழிதானேன்னு கூட்டிட்டு வந்தேன். ஏர்கோனை அடைச்சுப் பாத்தேன், நடுக்கம் நிக்கல. ஒருநாள் அந்தத் திருகைத் திருப்பினேன், சூடா வந்துச்சு. அவங்க கண்ணை மூடித் தூங்கிட்டாங்க. திருப்பி வைக்கத்தான் மறந்து மறந்து போயிடுது. மறுநாள் காலையில ஏறி உக்காந்தாத்தான் ஞாபகம் வந்து திருப்புவேன்."

"எந்தச் சிகப்பி?"

"நம்ம கடையில மாலை கட்டுற சிகப்பிக்காண்ணே. வேற யாரு?"

கார்த்திகேசு வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அது பேரனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்னுல்ல மூணு நாளும் மத்தியானம் வேலைக்கு வருது?"

"சும்மா சொன்னதுண்ணே. பேரன் ஜொகூர்ல இருக்கான்."

"அப்ப டயாலிசிஸ் பண்ணிட்டு நேரா வந்து எனக்குப் பூக் கட்டுதா? வீட்டுல படுக்க வேண்டியதுதானே. அந்த உடம்போட அதை எவன்டா வேலைக்கு வரச் சொன்னான்?"

"நீங்கதாண்ணே. 'சீக்காளிங்களை வச்சுக் கடை நடத்த முடியாது'ன்னு சொல்லித்தானே கூட மாலை கட்டின பிரேமலாவை நிறுத்தினீங்க. அதுக்கப்புறம் அவங்க வாயைத் தொறக்கவே இல்ல."



சிவநேசன் மெதுவாக வந்து நின்றான். "அண்ணே, ஹீட்டர் பைப்பை அடைச்சு விட்டுரவா? இனிமே யாரு திருப்பினாலும் சூடு வராது."

"அதுல கை வச்சே, கையை உடைச்சிருவேன்."

கார்த்திகேசு போனைக் காதுக்கு இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டார்.

"லோகேஸு, லைன்ல இருக்கியா? தஞ்சோங் டாவாய்ல மீன்காரங்க பெரிய ஐஸ் பெட்டி வச்சிருப்பாங்கள்ல, அந்த மாதிரி புதுசா ரெண்டு வாங்கி வண்டியில போட்டுக்கோ. சனிக்கிழமை பூ அதுல வரட்டும்."