மால்டாவில் காயும் வேட்டி

மால்டா தீவுக்குப் பத்து நாள் விடுமுறையில் போயிருந்தபோது, கடலைப் பார்த்திருந்த ஒரு சிறிய மஞ்சள்கல் வீட்டின் முன்னால் வெங்கிடேஸ்வரன் நின்றுவிட்டார். "கமலா, இதை வாங்கிடுவோம்" என்றார். சொந்த ஊரான மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் மாரடைப்பில் இறந்துபோனார்.

வீட்டை வாங்கியே தீருவதென்று அவர் மனைவி கமலாக்ஷி முடிவு செய்தாள். மகன் சங்கர்ராம் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. பத்திரம் பதிவான மறுவாரம், அங்கே வீட்டை முடித்துக் கொடுத்த மலையாளித் தரகர் ரெஜி வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். எல்லாம் காலியாக இருந்தன. மொட்டை மாடிக் கொடியில் மட்டும் ஒரு வேட்டி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யார் இருக்கா அங்கே?"

"ஆரும் இல்ல சேச்சி. சாவி என் கையிலதான். நேத்திக்கும் இது நனைஞ்சு கிடந்தது. எடுத்து மடிச்சு உள்ளே வச்சேன்."

"கரையைக் கிட்டத்தில காட்டுங்கோ."

பச்சைக் கரையின் ஓரத்தில் நீல நூல் தையல் இருந்தது. பச்சை நூல் கைக்குக் கிடைக்காத ஒருநாள் அவளே தைத்தது. அந்த வேட்டியோடுதான் அவரைத் தகனம் செய்திருந்தார்கள்.

சங்கர்ராம் போனை வாங்கி அணைத்தான். "வேண்டாம்மா. வித்துடலாம்."

கமலாக்ஷி அலமாரியைத் திறந்தாள். மீதமிருந்த நான்கு வேட்டிகளையும் எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

"முதல்ல கிடைக்கற ஃபிளைட்டுக்கு டிக்கெட் போடு. தினமும் அந்த ஒண்ணையே நனைச்சுக் கட்டிண்டிருக்கார். மாத்திக்க வேற இல்லையே."