உத்தரம் தெரியணும்

"ஜன்னல் நடுக்கட்டைக்கு மேல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. உத்தரம் தெரியணும்."

சொல்லிவிட்டு ராஜகோபாலன் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

மஹதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தி.நகரில் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் ஒன்றில் படம் வரைகிறவள் அவள். யார் யாருக்கோ சமையலறை வரைந்து கொடுத்தவள், இப்போதுதான் மயிலாப்பூரில் தான் பிறந்த வீட்டுக்கு, தன் அம்மாவுக்கு, ஒன்று வரைந்து எடுத்து வந்திருந்தாள்.

மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். குறுக்கே கறுத்துப்போன தேக்கு உத்தரங்கள். அத்தனை உயரத்தையும் வீணாக்குவானேன் என்று, மேடைக்கு மேலே ஆரம்பித்து உத்தரம் வரைக்கும் மூன்று அடுக்காகக் கப்போர்டு போட்டிருந்தாள். எட்டாததை எடுக்க, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஓர் ஏணி.

அளவெடுக்க வந்த கனகராஜ் ஆசாரிக்கே மனசு கேட்கவில்லை.

"இன்னா சார், இம்மா ஒயரம் கீது. சும்மா வுட்டா ஒட்டடதான் கட்டும்."

"கட்டட்டும்" என்றார் ராஜகோபாலன்.

"அப்பா, சாமானையெல்லாம் எங்கே வைக்கிறது?"

"கீழே மூணு பக்கமும் சுவர் இருக்கே. அதை ஒட்டிப் போடு."

"மேலே போட்டா என்ன குறைஞ்சு போறது உனக்கு?"

"குக்கர் வெயிட் பறந்து போய் அடிச்ச வடு அந்த நடு உத்தரத்துலதான் இருக்கு. நீ அப்போ தூளியில கிடந்தே. நான் வாசலுக்கே ஓடிட்டேன். உங்கம்மா அடுப்பை அணைச்சுட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சா பாரு, அப்படி ஒரு சிரிப்பு. அதைப் போய்க் கப்போர்டு வெச்சு மறைக்கணுமா?"

"ஒரு வடுவுக்காகவா? இத்தனை வருஷம் அந்தக் கரியிலேயும் புகையிலேயும் நின்னது அம்மா. அவளுக்குன்னு ஒண்ணு செய்யலாம்னா, மரம் தெரியணும்ங்கறே. மரத்து மேல இருக்கற பாசம் மனுஷி மேல கிடையாதா?"

ராஜகோபாலன் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

உள்ளேயிருந்து வந்த சுப்புலக்ஷ்மி, மகளின் தோளைத் தொட்டாள். "விடுடி. அப்பா சொல்றபடியே இருந்துட்டுப் போகட்டும்."

அப்பாவைவிட அம்மா மேல்தான் அதிகமாகக் கோபம் வந்தது. எப்போதும் இப்படித்தான்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு அடையாறில் தன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

வேறு வழியில்லாமல் புதிதாக வரைந்தாள். தாழ்வாக, மூன்று சுவரையும் வளைத்துக்கொண்டு ஓடும் ஒரே வரிசை. குனியாமல் இழுக்கிற அகலமான இழுப்பறைகள். மளிகை டப்பாக்களுக்கு மேடைக்கு மேலே ஒரே ஒரு தட்டு, அதுவும் அம்மாவின் தோள் உயரத்தில் இருந்த ஜன்னல் நடுக்கட்டையைத் தாண்டாமல். மற்றபடி வெறும் வெள்ளைச் சுவர்.

வேலை நடந்த நாளெல்லாம் ஆபீஸ் விட்டு நேரே மயிலாப்பூர் வருவாள். அப்பா கதவைத் திறப்பார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாள்.

பால் காய்ச்சிய அன்று சமையலறை வாசலில் நின்று பார்த்தபோது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கீழே கப்போர்டுகள் அடக்கமாக உட்கார்ந்திருக்க, வெள்ளைச் சுவர் தடையில்லாமல் ஏறிப் போய் உத்தரத்தைத் தொட்டது. இரண்டு உத்தரத்துக்கு நடுவில் குருவி கூடு கட்டியதும், குஞ்சு பறக்கும்வரை மேடையில் பாத்திரம் திறந்து வைக்க அம்மா பயந்ததும், மழை நாளில் கூடத்துத் துணிக்கொடியெல்லாம் இங்கே இடம் மாறியதும் நினைவுக்கு வந்தன. மூன்று அடுக்கு போட்டிருந்தால் இது வேறு யார் வீட்டுச் சமையலறையாகவோ ஆகியிருக்கும்.

சுப்புலக்ஷ்மி குழந்தை மாதிரி ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், அப்பா காதுல போட்டுடாதே. எனக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க வரலைடி. ரொம்ப நாளா."

"என்னம்மா சொல்றே? டாக்டர்கிட்ட போனியா?"

"தைலம் தடவிண்டிருக்கேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சமையலுக்கு ஒரு மாமியை வெச்சுடுவார். அப்புறம் இந்த ஆத்துல எனக்கு என்னடி வேலை? ஈஸிசேர்ல உக்காந்துண்டு கை காட்டிண்டிருக்கணுமா?"

"அப்போ நான் ஏணி வரைஞ்சுண்டு வந்தப்பவே வேண்டாம்னு சொல்றதுக்கென்ன?"

"நீ எவ்வளவு ஆசையா வரைஞ்சுண்டு வந்தே! வேண்டாம்னா ஏன்னு கேப்பே. என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சேன். நல்லவேளை, உங்கப்பாவுக்கு உத்தரப் பைத்தியம் பிடிச்சது. தப்பிச்சேன்."

அடுத்த வாரம் டாக்டரிடம் வருவதாக அம்மாவைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டு, மஹதி காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்தாள். இத்தனை நாள் பேசாதவள், இன்று தானாகவே அப்பாவிடம் நீட்டினாள்.

ராஜகோபாலன் வாங்கிக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் உங்கம்மா கைக்கு எட்டறதோல்லியோ?"

"எட்டறதுப்பா."

"வலது கைக்கு?"