சூலம் பார்த்துப் போட்ட டிக்கெட்

“சனிக்கிழமை கிழக்கே சூலம். நான் வரலை” என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை மூடினார் அனந்தநாராயணன்.

ஹரீஷுக்குத் தலை சுற்றியது. பஞ்சாங்கத்தில் அமாவாசையைத் தவிர வேறெதையும் பார்க்காதவர் அப்பா. முப்பது வருஷம் கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவர். பென்ஷன் வந்ததும் பக்தியும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா சுப்ரியாவின் குழந்தைக்கு அடுத்த வியாழக்கிழமை ஆண்டு நிறைவு. பேத்தியை அப்பாவும் அம்மாவும் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை நேரில் போய்த் தூக்காவிட்டால் அக்கா ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள்.

இதற்காகவே ஹரீஷ் மூன்று வருஷமாகக் கிரெடிட் கார்டு பாயிண்ட் சேர்த்திருந்தான். ஆபீஸில் நாலு பேர் சாப்பிடப் போனால் பில்லுக்கு முதலில் நீளுவது இவன் கார்டுதான். அந்தப் பாயிண்டெல்லாம் மாதக் கடைசியில் காலாவதியாகிவிடும். சென்னையிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போக, இருக்கிற பாயிண்டுக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும்தான் சீட் இருந்தது. மற்ற நாட்களில் இரண்டு மடங்கு கேட்டார்கள்.

“ஏன்னா, கிழக்கே சூலம்னா ரெண்டு கரண்டி தயிர் சாப்பிட்டுட்டுக் கிளம்பினாப் போச்சு. எங்கப்பா அப்படித்தான் பண்ணுவார்” என்றாள் அம்மா பாலாம்பாள்.

“உங்கப்பா சேரன்மாதேவி வரைக்கும் போனார். கடல் தாண்டறதுக்குத் தயிர் போறாது.”

ஹரீஷும் லேசில் விடுகிற ஆள் இல்லை. திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளியும் ஞாயிறும் மேற்கு என்று, எந்தக் கிழமை எந்தத் திசையில் பயணம் ஆகாது என்கிற சூலக் கணக்கை மனப்பாடம் செய்தான். பிறகு இரண்டு நாள் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வழி கிடைத்துவிட்டது. கொழும்பில் ஏறினால் சிங்கப்பூருக்குப் பாதிப் பாயிண்ட்தான். கொழும்பு வரைக்கும் போக இரண்டு சின்ன விமானங்கள், தனித்தனி டிக்கெட். எல்லாவற்றையும் போட்டு முடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

“சனிக்கிழமை தூத்துக்குடியிலேர்ந்து சென்னைக்கு. அது வடக்கு. ராத்திரி சித்தி ஆத்துல தங்கறேள். ஞாயித்துக்கிழமை சென்னையிலேர்ந்து கொழும்பு, தெற்கு. அன்னிக்கே கொழும்புலேர்ந்து சிங்கப்பூர், கிழக்கு. மூணு பிளேன்லயும் சூலம் இல்லைப்பா. தூத்துக்குடி வரைக்கும் கார்ல கிழக்கே போறதுக்கு அம்மா சொன்ன தயிர் போறும், அது கடல் தாண்டலையே.”

அனந்தநாராயணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை படித்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

“ராகு காலம்?”

“பார்த்துட்டேன். மூணுலயும் இல்லை.”

“எமகண்டம்?”

“அதையும் பார்த்துட்டேன்.”

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. “தனித்தனி டிக்கெட்னா, ஒண்ணு லேட்டானா அடுத்தவன் காத்திருக்க மாட்டானே. மொத்தமும் போயிடுமேடா.”

“அதுக்குத்தான் நடுவுல ஒரு ராத்திரி. கொழும்புல ஆறு மணி நேரம்.”

அனந்தநாராயணன் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “சரி” என்றார். அதற்குள் பாலாம்பாள் சுப்ரியாவுக்கு வீடியோ கால் போட்டு, “அப்பா ஒத்துண்டுட்டார்டி” என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கம் சுப்ரியா அழுதாள், குழந்தை போனை நக்கியது. ஹரீஷுக்கு மூன்று வருஷப் பாயிண்டும் அந்த நிமிஷமே பலித்துவிட்ட சந்தோஷம்.

தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் கார் பேச, தெரு முனையில் வண்டி போட்டிருக்கும் மணிராஜை வீட்டுக்குக் கூப்பிட்டான். அப்பாவின் பழைய மாணவன், இப்போது சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டுகிறான்.

“சனிக்கிழமை வண்டி ரெடி தம்பி. சார்வாள் எப்பமும் நம்ம வண்டியிலதான வருவாவ. போன வெள்ளிக்கிழமைகூட மேற்க தென்காசியில ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனேம்லா. பைய போ, வேகம் வேண்டாம்னு வழியெல்லாம் ஒரே பாட்டு” என்றான் மணிராஜ்.

ஹரீஷ் சிரித்துவிட்டான். “இது பிளேன்டா மணி. அங்க போய் யார்கிட்ட சொல்லுவார்?”

சிரித்தபடியே திரும்பினான். அப்பா சிரிக்கவில்லை. மணிராஜ் கிளம்பும்வரை பொறுத்திருந்தவர், பாலாம்பாள் அடுக்களைக்குள் போனதை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மகனைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்.

“என்னப்பா, ஜன்னலோரம் வேணுமா? மூணுலயும் வாங்கித் தரேன்.”

அனந்தநாராயணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“ஒரு பிளேன்ல ஏறப் பயந்துண்டுதாண்டா சூலத்தைச் சொன்னேன், நீ அதை மூணாக்கிட்டியே.”