திருகின் பிடிப்பு

ஆட்டுக் கொட்டகையின் கம்பிக் கதவருகே அந்தப் பெண் பொறியாளர் வந்து நிற்கிறாள். காலை வெயில் தகரக் கூரையின் இடுக்குகளில் நுழைந்து வைக்கோல்மேல் கோடு கோடாக விழுகிறது. உள்ளே, எல்லோரும் ‘மகாராணி’ என்று செல்லமாகக் கூப்பிடும் பெட்டை ஆடு அசைபோட்டபடி நிற்கிறது. பஞ்சு போன்ற எலும்பிலும் நழுவாமல் நிற்கவேண்டும் என்று அவள் வடிவமைத்த புதுத் திருகு, அதன் பின்னங்கால் முட்டி எலும்புக்குள் இருக்கிறது. அறுவை முடிந்து அது எழ முடியாமல் கிடந்தபோது, வலி மருந்தைத் தவிட்டில் பிசைந்து தன் கையால் ஊட்டியவளும் அவள்தான். “துளிகூட நொண்டலைங்க மேடம். நேத்து வேலியையே தாண்டப் பார்த்துச்சு. இவ்ளோ நல்லா இருக்கே, கொல்லாம விட்டுட்டா என்னங்க?” என்கிறார் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர். “எலும்போட எடுத்து இழுத்துப் பார்த்தாதாண்ணே பிடிப்பு தெரியும். தெரியாம மனுஷங்களுக்கு வைக்க முடியாது.” சொல்வது உண்மைதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறாள். அவர் ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, எதிரே திறந்திருக்கும் வெள்ளை அறையை நோக்கி இழுக்கிறார். மகாராணி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மறுக்கிறது. திருகு இருக்கும் காலைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்தமாக ஊன்றுகிறது. “நான் இழுத்தா வராதுங்க. நீங்க கூப்பிடுங்க, வந்துடும்.” அவள் கையுறையைக் கழற்றுகிறாள். வெள்ளை அறையின் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, வெறுங்கையை நீட்டி, “வாடி தங்கம்” என்கிறாள். கயிறு தளர்கிறது. ஆடு அவளை நோக்கித் துள்ளி ஓடிவருகிறது.