சில்வெய்ராவின் குடை

“உருகுவாய் நாட்டு வரலாற்றுல எழுதப்பட்ட எதுவும் என் கண்ணுக்குத் தப்பினதில்லை. எனக்குத் தெரியலைன்னா, அது இன்னும் எழுதப்படலைன்னு அர்த்தம்.”

பேராசிரியர் பெந்தங்கோர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எதிரே நின்ற ஹிமேனாவும் சிரிக்கவில்லை. அவளுடைய ஆய்வுத் தலைப்புக்கு அவர் இன்று கையெழுத்துப் போடாவிட்டால், அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்தான்.

“மோந்தேவீதேயோ கடற்கரைக் காற்றும் உடைந்த குடைகளும்,” என்று தலைப்பை வாய்விட்டுப் படித்தார். “குடையா? நான் காலமெல்லாம் அரசியல் சட்டத்தைப் பத்தி எழுதறேன், நீ குடையைப் பத்தி! சரி, இதை முன்னாடி யாரும் எழுதலைன்னு உறுதிப்படுத்தணும். நூலகத்துல தேடிட்டு சாயங்காலம் வா.”

“எப்படித் தேடறதுன்னு நீங்க கொஞ்சம் சொன்னீங்கன்னா…”

“நானா? அந்தக் கம்ப்யூட்டர் மெஷினை நான் தொட்டதே இல்லைம்மா. வேலைவெட்டி இல்லாத வாத்தியாருங்க தங்களோட பேரைத் தாங்களே தட்டி அழகு பாத்துக்கற கண்ணாடி அது.”

நூலகத்தில் ‘மாத்தே குடிக்கக் கூடாது’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, அவள் வகுப்புத் தோழன் ரமீரோ அந்தக் கசப்பு மூலிகைத் தேநீரையே உறிஞ்சிக்கொண்டிருந்தான். வெந்நீர் ஃபிளாஸ்க் வழக்கம்போலக் கக்கத்தில்.

ஹிமேனா தன் தலைப்பு முழுவதையும் தேடும் கட்டத்தில் அடித்தாள். பூஜ்யம்.

“பாத்தியா? யாருமே எழுதலை!”

“உன் தலைப்பை உன்னைத் தவிர வேற எந்த லூசு அப்படியே எழுதும்? ‘குடை’ன்னு மட்டும் போடு.”

போட்டாள். பதினாறாயிரம் வந்து விழுந்தது. மழைக் கவிதைகள், குடை வியாபாரிகள் சங்கத்தின் பொன்விழா மலர், என்ன காரணத்தாலோ ஒரு பல் மருத்துவ மாநாட்டு அறிக்கை.

“இப்ப எல்லாருமே எழுதிட்டாங்க,” என்றாள் ஹிமேனா.

“அழாத. இதுல நமக்கு ஒத்துவர்ற ஒண்ணைப் பிடி. இதோ, தொப்பியும் குடையும்னு ஒரு புத்தகம். இதை நூலகத்துக்காரங்க எந்தப் பொருளுக்குக் கீழ வெச்சிருக்காங்க? ‘உடை, துணைப்பொருட்கள், உருகுவாய்.’ அதுதான் அவங்க அலமாரிக்கு வெச்ச பேர். நீ வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எதுவும் திரும்பிப் பாக்காது. அவங்க வெச்சதைச் சொல்லு.”

அதையே வெளிநாட்டு ஆய்வேடுகளின் தொகுப்பிலும் போட்டாள். கூடவே ‘காற்று’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

ஒன்றே ஒன்று வந்தது. ‘குடையைத் திருப்பும் காற்று: மோந்தேவீதேயோ, 1900 முதல் 1930 வரை.’ எழுதியவர்: சில்வெய்ரா, ஓ.

ஹிமேனா அதைத் திறந்தாள். படிக்க ஆரம்பித்தவள் தலை நிமிரவே இல்லை. ஃபிளாஸ்க் காலியாகும் வரை ரமீரோ பொறுத்துப் பார்த்தான்.

“என்னடி ஆச்சு?”

“போச்சு. என் தலைப்பு போச்சு. ஆனா என்னமா எழுதியிருக்கார் தெரியுமா! யார் இந்த சில்வெய்ரா? வேற ஒண்ணுமே எழுதலையா?”

தேடினார்கள். அந்தப் பெயரில் வேறு எதுவும் இல்லை.

“இது வட அமெரிக்காக்காரங்க தொகுப்பு,” என்றான் ரமீரோ. “நாம அப்பா வழிப் பேரை முன்னாடி வெச்சு, அம்மா வழிப் பேரைக் கடைசில வெக்கறோம். அவங்க கடைசிப் பேரைத்தான் குடும்பப் பேருன்னு எடுத்துப்பாங்க. பாவம், மனுஷனை அம்மா வீட்டோட அனுப்பிட்டாங்க. அப்பா பேர் தெரியாம எங்கன்னு தேடுவ?”

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘இதுவரை திறக்கப்பட்டது: 301.’

“பேசாம மறைச்சுடு,” என்றான் அவன். “உன் வாத்தியாருக்குத்தான் மெஷினே ஆகாதே. ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லிக் கையெழுத்தை வாங்கிட்டு வா.”

ஹிமேனாவும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனாள். அவர் பேனா மூடியைத் திறந்ததும் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

“சார், இதை ஏற்கெனவே ஒருத்தர் எழுதிட்டார். சில்வெய்ரான்னு.”

பேனா அந்தரத்தில் நின்றது.

“சில்வெய்ராவா? கேள்விப்பட்டதே இல்லையே.” அவர் ஜன்னலைப் பார்த்தார். “நீ… படிச்சியா?”

“ஒரே மூச்சுல. காத்துல பறந்து வந்த குடைகளையெல்லாம் சேர்த்து ஒரு காவலாளி கோழிக்கூண்டுக்குக் கூரை போடறார் பாருங்க, அந்த இடத்துல நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே போயிட்டார்.”

“குடையைப் பத்தியெல்லாம் எவன் படிப்பான்?”

“முந்நூத்தியொரு தடவை திறந்திருக்காங்க சார்.”

“முந்நூத்தியொண்ணா? முந்நூறு இல்ல?”

“இல்ல சார். நல்லாப் பாத்தேன்.”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவன் முப்பதோட நிறுத்திட்டான். நீ முப்பத்தொண்ணுலேர்ந்து ஆரம்பி,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பாதி மாடிப்படி இறங்கிய பிறகுதான், கழுத்துத் துணியை அவர் அறையிலேயே விட்டுவந்தது ஹிமேனாவுக்கு நினைவு வந்தது. அந்த ஆய்வேடு எந்த வருடத்தோடு முடிகிறது என்று தான் அவரிடம் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. மெஷினைத் தொட்டதே இல்லாத பேராசிரியர், எழுத்துகளைத் தேடாமல், பழகிய ஒற்றை விரலால் ‘சில்வெய்ரா’ என்று தட்டிக்கொண்டிருந்தார்.

“முந்நூறு தடவையும் நான்தான் திறந்தேன்,” என்று திரையிடம் மெதுவாகச் சொன்னார். “உன் வீட்டுப் பேர்ல போய் ஒளிஞ்சாலும் கடைசில ஒருத்தி கண்டுபிடிச்சுட்டா, அம்மா.”