ஏஜென்ட் முட்டி

சாம்பல் நிறக் குடைக்காரி பூங்காவின் மூன்றாவது பெஞ்சை நெருங்கியதும், கறுப்புக் கண்ணாடிக்காரர் செய்தித்தாளை மூக்கு வரை உயர்த்திக்கொண்டார். அவள் இடது காலைத் தாங்கித் தாங்கி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டாள்.

அங்கே ஒட்டியிருந்த சின்னச் சீட்டு அவள் கைப்பைக்குள் போனது. கண்ணாடிக்காரர் தன் சட்டைக் கைப்பொத்தானை வாயருகே கொண்டுபோய், "தலைமையகம் பேசுது. சரக்கு போய்ச் சேர்ந்தாச்சு" என்றார்.

அந்தப் பொத்தானில் நூலைத் தவிர ஒன்றும் கிடையாது. பேசியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். குடைக்காரி வேறு யாருமில்லை, அவரோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய மனைவி.

எல்லாம் ஒரு டிவி தொடரால் வந்த வினை.

வலது முட்டியில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியும் அம்மணி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா இவர் எதிரிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "தினமும் நடக்கலைன்னா முட்டி இறுகிப்போயிடும். அப்புறம் இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டியதுதான்."

முதல் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாலு மணி நேரம் அவருக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

கெஞ்சினார், மிரட்டினார், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். அவளோ 'அரை உளவாளி' தொடரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்படி என்னதான் இருக்கு இதுல? அந்த ஆளு துப்பாக்கியை மறந்துட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போறான். இவன் நாட்டைக் காப்பாத்துறானாம்!"

"அதுக்குத்தாங்க பாக்குறேன். ஒருத்தரும் சாகுறதில்லை. வில்லன்கூட வழுக்கி விழுந்து, எழுந்து, மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான். எனக்கும் யாராவது இப்படி ஒரு ரகசிய வேலை குடுத்தா, எழுந்து ஓடியே போவேன்."

இவருக்குப் பொறி தட்டியது. மறுநாள் காலை அவளுடைய காபிக் கோப்பைக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது: 'ஏஜென்ட் முட்டி அவர்களுக்கு. தெருமுனைத் தபால் பெட்டிக்குப் பின்னால் அடுத்த உத்தரவு காத்திருக்கிறது. படித்ததும் இதை விழுங்கிவிடவும்.'

"விழுங்குறதெல்லாம் நம்மால ஆகாது" என்று முணுமுணுத்தபடி அவள் குடையைத் தேடினாள். இவர் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைக்கு மேல் வேலை. விடிந்ததும் போய்ச் சீட்டை ஒளிக்க வேண்டும். திரும்பி வந்து, அப்போதுதான் எழுந்தவர் மாதிரி கொட்டாவி விட வேண்டும். பிறகு அவள் எங்கேயாவது விழுந்து வைப்பாளோ என்று பின்னாலேயே போக வேண்டும். பக்கத்துக் கடைக்கே ஸ்கூட்டரில் போகிறவர் அவர். யாராவது கேட்டால், "ஊரையே உட்கார வெச்சு ஓட்டினவன் நடந்து போனா மரியாதையா இருக்குமா?" என்று மடக்குவார்.

ஆனால் பழக்கம் லேசில் போகுமா? அவர் சீட்டு ஒளித்த இடமெல்லாம் அவர் ஓட்டிய பதினேழாம் நம்பர் பஸ்ஸின் நிறுத்தங்களை ஒட்டித்தான் இருந்தன, வரிசைகூடப் பிசகவில்லை. அது அவருக்கே தெரியாது.

"யாரோ அந்தத் தலைமையகம், சுத்த சோம்பேறி போலிருக்கு" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. "எல்லாத்தையும் பக்கத்துலயே வைக்குது. இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளி வெச்சா என்னவாம்?"

"எந்தத் தலைமையகம்?" என்றார் இவர், ஒன்றும் அறியாத பிள்ளை போல. மறுநாள் சீட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போனது.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. பரிசோதனைக்குப் போகும் நாளன்று இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"டாக்டர், தினமும் நடக்குறா. ஆனா இன்னும் இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்குறா. தயவு பண்ணி மறுபடியும் கத்தி மட்டும் வேண்டாம்."

டாக்டரம்மா அவள் முட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. இவரை எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு ஒரு பழைய ஃபைலைப் புரட்டி, "பதினோரு கிலோ குறைஞ்சிருக்கு. பிரஷரும் நல்லாவே இறங்கியிருக்கு" என்றார்.

"டாக்டர், பேஷன்ட் நான் இல்லை, அவ!"

"அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணினது வலது கால், சார். அதுவும் மூணாவது வாரமே சரியாயிடுச்சு. போன வருஷம் உங்க நெஞ்சுக்கு நல்லதுன்னு நான் நடக்கச் சொன்னப்போ, மரியாதையா இருக்குமான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

இவர் வாயைப் பிளந்தபடி திரும்பினார். குடைக்காரி எந்தக் காலையும் தாங்காமல் ஜம்மென்று எழுந்து வந்தாள். கைப்பையின் பொத்தானை வாயருகே கொண்டுபோய், டாக்டரம்மாவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"தலைமையகமே, ஏஜென்ட் தொப்பை நடந்துட்டார்!"